பலகை என்று நீ எழுதியது

என் ரத்னாக்கா,

உன் வண்டியின் ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நீ இருந்திருந்தால் ஸ்பேனரைப் பிடுங்கி வைத்துவிட்டு, "போய்ப் புஸ்தகம் எடுடி" என்றிருப்பாய். நீ இல்லை. கழற்றினேன்.

இந்தக் கடிதம் அச்சில் வரப்போகிறது. சென்னையில் என்னோடு படித்த சிலர் நடத்தும் சிறுபத்திரிகை. உன்னைப் பார்த்திராதவர்கள் படிப்பார்கள். அவர்களுக்காகச் சில வரிகள், பொறுத்துக்கொள். நம் ஊர் பாகலூருக்குப் பக்கம். நம் வயலின் கடைசி வரப்பில் நின்று கல்லெறிந்தால் கர்நாடகத்தில் விழும். அப்பா போன பிறகு பதினோரு வருடம் நீதான் டிராக்டர் ஓட்டினாய். போன வருடம் சித்திரையில் மஞ்சள் காமாலை வந்து எட்டு நாளில் செத்துப்போனாய். முப்பத்து நான்கு வயது. நான் சென்னையில் எம்.ஏ. தமிழ், கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

'காலமானாய்' என்று பத்திரிகையில் திருத்துவார்கள். திருத்தக் கூடாது என்று தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். நீ அப்படிப் பேசுகிறவள் இல்லை.

எட்டு நாளில் ஒரு நாள்கூட எனக்குத் தந்தி அடிக்க விடவில்லையாமே. பரீட்சை முடியட்டும் என்றாயாம். யார் கேட்டார்கள் உன்னை?

சரி. வண்டி.

அப்பா வாங்கியபோதே அது பழைய வண்டி. ஸ்டியரிங் கல் மாதிரி. ஈர வயலில் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். முன்சக்கரம் கல்லில் ஏறினால் ஸ்டியரிங் திருப்பி உதைக்கும். அப்படி ஒரு நாள் உதைத்ததில் உன் கட்டைவிரல் பிசகியது. புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. இதுக்குத்தான் சொன்னோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோர் முகத்திலும் அதுதான் இருந்தது.

கட்டுப் பிரித்த மறுநாள் நீ ஓசூருக்குப் போனாய். அங்கே ஒரு கம்பெனியில் கழித்துப்போட்ட ஃபோர்க்லிஃப்ட், பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வண்டி, காயலான் கடையில் கிடந்தது. அதன் பவர் ஸ்டியரிங்கை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தாய். அத்திப்பள்ளி மெக்கானிக் நாகராஜுவும் நீயும் பத்து நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்தீர்கள். பதினோராம் நாள் நீ ஒற்றை விரலால் டிராக்டரைத் திருப்பினாய். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். பார்த்தேன். எனக்கு ஒரு தடவை கொடு என்று கேட்டேன். கொடுக்கவில்லை.

அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. தெரிந்துகொள்.

நீ செத்துப்போன வாரமே, எண்ணெய் ஒழுகுகிறது என்று பெரியப்பா நான்கு பைப்பையும் கழற்றிக் கோணியில் கட்டிப் போட்டுவிட்டார். ஒரு வருடம் அப்படியே கிடந்தது. இந்தச் சித்திரையில் கொட்டகைக்கு வந்து நின்று சொன்னார்.

"அந்தப் பம்பு, பைப்பு எல்லாத்தையும் கடாசிட்டு பழைய சாதா ஸ்டியரிங்கே போட்டுக்கலாம்மா. முனிராஜு வந்து ஓட்டுவான். பொம்பளக் கைக்குன்னு வெச்ச சாமானு, இனிமே என்னாத்துக்கு?"

முனிராஜு பக்கத்து ஊர் டிரைவர். தேக்குக் கட்டை மாதிரிக் கை. நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பெரியப்பாவும் கெட்டவர் இல்லை. உன் பாடையைத் தூக்கியவர். ஆனால் அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. சாதா ஸ்டியரிங்கைப் போட்டுவிட்டால் போதும். நீ ஓட்டக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவே வேண்டியதில்லை. வண்டியே சொல்லிவிடும்.

நான் டிராக்டர் ஓட்ட ஆசைப்பட்டேனா? அதுவரை தெரியாது. அந்த நிமிடம் தெரிந்தது.

"நான் ரெடி பண்றேன் பெரியப்பா."

"நீயா?"

"மொத மழ வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள பண்ணலன்னா நீங்க சொல்ற மாதிரி."

"நீ என்னாம்மா படிச்சிருக்க?"

"தமிழ்."

"தமிழ்ல டிராக்டர் வருதா?"

முனிராஜு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல கேள்விதானே.

கழற்றியதை விவரமாகச் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிந்த வேலை. எனக்கு ஒவ்வொரு போல்ட்டும் ஒரு நாள். ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் ஒரு சாண் நீளத்தில் அந்த இரும்பு உருளை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எண்ணெயை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிப்பது அதுதான். உள்ளே ரப்பர் சீல்கள் எல்லாம் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தன. உன் கைபட்டது அவ்வளவும். உதிர்ந்ததை ஒரு காகிதத்தில் கூட்டி வைத்தேன். பிறகு, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று குப்பையில் கொட்டினேன்.

சீல் வாங்க ஓசூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காதர் பாய் கடை. மாதிரியைக் கொடுத்ததும் அளவுக்கோலால் பிடித்துப் பார்த்தார்.

"இது ஃபோர்க்லிஃப்ட் சீல் ஆச்சே. எந்தக் கம்பெனிம்மா நீ?"

"கம்பெனி இல்ல பாய். டிராக்டர்ல இருக்குது."

"டிராக்டர்லயா? இந்தக் கூத்த இந்த ஏரியாவுல ஒரே ஒரு ஆளுதான் பண்ணுச்சு."

"எங்கக்கா."

பாய் பெட்டிகளைத் துழாவினார். "உங்கக்கா இங்க வந்து நின்னுச்சுன்னா, நான் மொதல்ல குடுக்கற சீல வாங்கவே வாங்காது. ரெண்டாவதா எடுத்துக் காட்டறதத்தான் வாங்கும்" என்றார். நான் முதலில் கொடுத்ததையே வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால்தானே.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

அந்த உருளையில் நான்கு ஓட்டைகள். பம்பிலிருந்து எண்ணெய் வர ஒன்று. டேங்குக்குத் திரும்பிப் போக ஒன்று. மற்ற இரண்டும் முன் அச்சில் இருக்கும் சிலிண்டருக்கு: வண்டியை வலப்பக்கம் தள்ள ஒன்று, இடப்பக்கம் தள்ள ஒன்று. நான்கும் ஒரே அளவு. எதில் எந்தப் பைப்? பெரியப்பா கழற்றியபோது யாரும் குறித்து வைக்கவில்லை. நாகராஜு பெங்களூரில் எங்கோ இருக்கிறார். விலாசம் இல்லை.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது உன் கையெழுத்து வெளியே வந்தது. ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெயிண்டில், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன உன் கோணல் எழுத்து. *பலகை.* அதற்கு எதிர் ஓட்டையில் பெயிண்ட் உரிந்து கடைசி எழுத்து மட்டும் மிச்சம். *கை.*

பலகை. நான் எத்தனை சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஒரு வருடம் கழித்து நீ என்னிடம் ஒரு சொல் பேசினாய்.

யோசித்தேன். டிராக்டரில் பலகை என்றால் கால் வைக்கிற மிதிபலகை. பம்பு பைப்பும் டேங்க் பைப்பும் அந்த மிதிபலகைக்கு அடியில்தான் வருகின்றன. ஆக, பலகைப் பக்கத்துப் பைப்புகள் இரண்டும் இங்கே. உரிந்துபோனதும் பலகைதான். எல்லாம் பொருந்தியது. பாட்டுக்கு உரை எழுதும்போது ஒரு கடினமான சொல் பிடிபட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு கர்வம். பம்பு பைப்பையும் டேங்க் பைப்பையும் அந்த இரண்டு ஓட்டைகளில் மாட்டினேன். சிலிண்டர் பைப்புகளை மற்ற இரண்டில்.

பெரியப்பா வந்திருந்தார். முனிராஜுவும். நான் சாவியைத் திருப்பினேன்.

வண்டி கிளம்பிய பத்தாவது நொடியில் ஒரு சத்தம். டப் என்று. புது சீல் பிதுங்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. என் பாவாடை, தாவணி, மூக்கு, வாய், எங்கும் எண்ணெய். பம்பு தள்ளிய எண்ணெய்க்குப் போக வழி இல்லை. கிடைத்த இடத்தை உடைத்துக்கொண்டு வந்தது. முனிராஜு ஓடிவந்து வண்டியை அணைத்தார்.

"தமிழ் எண்ணெ கக்குது பாரு" என்றார் பெரியப்பா. கிண்டல்தான். ஆனால் போகும்போது முனிராஜுவிடம் அவர் சொன்னது கிண்டல் இல்லை. "வர்ற திங்கக்கெழம ஆள வெச்சுக் கழட்டிடு. இனிமே எதுக்குக் காத்துக் கெடக்கணும்?"

மழை இன்னும் வரவில்லை. வானம் மட்டும் ஓசூர்ப் பக்கம் கறுத்திருந்தது. எனக்கு ஐந்து நாள் இருந்தது.

கிணற்றடியில் அம்மா என் தலைக்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். எண்ணெய் போகவே இல்லை. தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எப்பிடிடி தப்பாச்சு? அவ எல்லாத்துலயும் எழுதி வெச்சிருப்பாளே."

"எழுதிதான் வெச்சிருக்கா. பலகைன்னு."

"என்னாது?"

"பலகை. மரப்பலகை, மிதிபலகை."

தேய்க்கிற கை நின்றது. "மரமா? மரத்துக்கும் இதுக்கும் என்னாடி?" என்றவள், அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவள் சொன்னது மரப்பலகையின் ப இல்லை, பலம் என்பதில் வருகிற ப. அப்புறம் சீயக்காய் நுரையோடு தன் வலது கையை என் கண்ணுக்கு நேரே தூக்கினாள்.

"இதுடி. பலகை. சோத்துக்கை."

மற்றக் கையைத் தூக்கினாள்.

"இது எடகை. ஏ ஹுச்சி, இதுகூடவா மறந்துபோச்சு ஒனக்கு?"

ஹுச்சி என்றால் பைத்தியக்காரி. அது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

வலது கை, இடது கை. கன்னடம். அம்மா பிறந்தது ஆனேக்கல் பக்கம். நாகராஜு அத்திப்பள்ளி. இரண்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகம். வண்டிக்கு அடியில் நீங்கள் பத்து நாளும் பேசியது அந்த மொழிதான். அதைத்தான் எழுதினாய். உனக்குத் தெரிந்த ஒரே எழுத்தான தமிழெழுத்தில். வண்டியை வலது பக்கம் தள்ளுகிற ஓட்டை பலகை. இடது பக்கம் தள்ளுவது எடகை, அதில் கடைசி எழுத்துதான் எனக்காக மிச்சமிருந்தது. அகராதி முழுக்கத் தேடினாலும் நான் கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் வந்த தப்பு.

ஆறாம் வகுப்பில் என்னைச் சேலத்து ஹாஸ்டலில் விட்டீர்கள். திரும்பி வந்தபோதெல்லாம் நீயும் அம்மாவும் நான் வாசலில் தென்பட்டதும் பேச்சைத் தமிழுக்கு மாற்றிக்கொள்வீர்கள். எனக்காக என்றுதான் நினைத்திருந்தேன். விருந்தாளிக்கு நாற்காலி எடுத்துப் போடுகிற மாதிரி. அது அன்பா, விலக்கா? நீயாவது ஒரு தடவை மாற்றாமல் இருந்திருக்கலாம். நானாவது ஒரு தடவை மாற்றாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம்.

நான் கிணற்றடியிலேயே அழுதேன். சீயக்காய் கண்ணில் பட்டதாக அம்மா நினைத்திருப்பாள். அல்லது நினைத்ததாகக் காட்டிக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ். காதர் பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"போன வாரம் குடுத்தது என்னாச்சு? சாப்புட்டுட்டியா?"

"வெடிச்சிடுச்சு பாய்."

அவர் ஒரு சீலை எடுத்து வைத்தார். நான் வாங்கவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தார். அதை வாங்கினேன்.

இந்த முறை உருளையை முழுதாக மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். மற்ற இரண்டு ஓட்டைகளில் ஒன்றின் பக்கத்தில், அழுக்குக்கு அடியில், வார்ப்பிலேயே ஒரு சின்ன அம்பு இருந்தது. உள்நோக்கி. பம்பு அங்கே. மிஞ்சியது டேங்க். பலகையும் எடகையும் சிலிண்டருக்கு. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்து, வண்டியை மெதுவாக ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிக்கொண்டே இருந்தேன். டேங்கில் நுரை பொங்கியது. குழாய்க்குள் இருந்த காற்று. திருப்பத் திருப்ப நுரை அடங்கியது. எண்ணெய் தெளிந்தது. எங்கும் கசிவில்லை.

ஒற்றை விரல் போதவில்லை. இரண்டு விரல். நீ ஒரு விரலில் எப்படித் திருப்பினாய்?

சனிக்கிழமை மழை பெய்தது. திங்கட்கிழமைக்குக் காத்திராமல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெரியப்பா முனிராஜுவோடு வந்துவிட்டார், ஸ்பேனர் பையோடு. கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றேன். முனிராஜு ஏறி உட்கார்ந்து களத்தில் ஒரு வட்டம் போட்டார். முகம் மாறிப்போனது.

"மாமா, இது சைக்கிள் மாதிரி போவுது. இதப் போயி கழட்டறேன்னீங்களே."

பெரியப்பாவும் ஏறிப் பார்த்தார். இறங்கி என் தலையில் கை வைத்தார். "கெட்டிக்காரிதான். சரி, இதே இருக்கட்டும். முனிராஜு, நீ நாளைலேர்ந்து வந்துடு."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை அக்கா. ஸ்டியரிங்கைக் காப்பாற்றினால் சீட்டையும் காப்பாற்றியதாகும் என்று நினைத்திருந்தேன். எண்ணெய் நெடி போகாத கையோடு நின்று, நான் செய்ததை அப்படியே தூக்கி இன்னொரு கையில் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்த்தோடு.

உனக்கும் இப்படித்தான் நடந்ததா? நீ சொன்னதில்லை.

"இல்ல பெரியப்பா. இது நான் ஓட்டறதுக்குப் பண்ணது."

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

"தெரியாமத்தான் கழட்டுனேன். தெரியாமத்தான் மாட்டுனேன்."

"எண்ணெ கக்குச்சே."

"ஒரு தடவ கக்குச்சு. ரெண்டாந்தடவ கக்கல."

பெரியப்பா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். பொறுமையாகப் பேசினார். "மஞ்சு, நீ காலேஜு வேலைக்குப் போற பொண்ணு. நாளைக்குப் பாக்க வர்றவங்க, டிராக்டர் ஓட்டறவளான்னு கேப்பாங்க. ரத்னாவுக்கு என்னா ஆச்சுன்னு பாத்த இல்ல. கடைசி வரைக்கும் தனியாவே நின்னுடுச்சு."

"அக்கா தனியா நிக்கல. ஒக்காந்திருந்துச்சு. அதோ, அந்த சீட்ல."

சொல்லிவிட்டு ஏறினேன். முனிராஜு அந்தப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கும்போது, "கிளச்ச மெதுவா வுடும்மா" என்றார், பெரியப்பா காதில் விழாத குரலில். அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வந்தாள். கூடையில் ராகி விதையும் அவரை விதையும். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. "ஈரம் காஞ்சிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வயலைப் பார்த்து நடந்தாள்.

முதல் உழவுசால் வரப்பில் ஏறிவிட்டது. இரண்டாவது, முதலாவதைப் போய் வெட்டியது. மூன்று முறை வண்டி அணைந்தது. பெரியப்பா வரப்பில் நின்று பார்த்தார், பிறகு உட்கார்ந்து பார்த்தார், பிறகு காணவில்லை. அம்மா எனக்குப் பின்னால் சால் போன வழியிலேயே வளைந்து வளைந்து விதை போட்டுக்கொண்டு வந்தாள். நேராகப் போடி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருபது நாள் ஆகிறது. ராகி பச்சையாக எழும்பிவிட்டது. நடுவில் அவரை வரிசைகள் பாம்பு போனதுபோல் இருக்கின்றன. ஓசூருக்குப் போகும் கம்பெனி பஸ்கள் அந்த வளைவில் மெதுவாகும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் எழுந்து பார்க்கிறார்கள். நேற்று ஒருவர் சத்தமாகவே கேட்டார், "யாருப்பா உழுதது இது?" நான் களையெடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, நான்தான் என்றேன்.

கல்லூரி வேலை வந்தால் போவேன். சனி, ஞாயிறு ஊருக்கு வருவேன். லைசென்ஸுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். அடுத்த வருடம் சால் நேராக இருக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்; அது என் கையில் இல்லை. கோணலாகவே இருந்தாலும் அதை உழுதவள் நானாகத்தான் இருப்பேன். இது வாக்கு.

உன்னோடு பிறந்தவள், உன் பேச்சையும் கேட்காதவள்,
மஞ்சுளா